அப்பாவின் புத்திக்கு நான் எழுதிய பரீட்சை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதனுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று சர்க்கார் டாக்டர் சோதிக்கும்போது, அவனுடைய மூத்த மகனையும் சேர்த்துச் சோதிப்பார்கள் என்று நான் நம்பினேன். இரத்தம் ஒன்றுதானே? சாமை மூட்டையில் ஒரு பக்கம் ஈரம் தட்டினால் மறுபக்கமும் கையை விட்டுப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. இரண்டு பேரும் பாஸாக வேண்டும். நூற்றுக்கு முப்பத்தைந்து. ஒருவர் கோட்டைவிட்டாலும் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கம்பி போட்ட வேன் ஒன்று நிற்கும், அதில் அப்பன் மகன் இருவரையும் ஏற்றி, நேராகப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் மொட்டையடித்து உட்காரவைத்துவிடுவார்கள்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே யோசித்துக் கண்டுபிடித்தது. பயம் வந்துவிட்டால் என் மூளை அபாரமாக வேலை செய்யும். என்ன, தப்பான திசையில் செய்யும். அவ்வளவுதான்.

நாங்கள் ஜவ்வாது மலைக்காரர்கள். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமம். ஜீப் வந்து திரும்புகிற இடத்தில் எனக்கு ஒரு பெட்டிக்கடை. அப்போது எனக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு எழுபத்தைந்து இருக்கலாம். அவர் பிறந்த வருஷத்தை எழுதிவைக்க அந்தக் காலத்தில் எங்கள் மலையில் பென்சில் இல்லை. அம்மா போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் பாப்பா என்று கூப்பிடுகிற என் தங்கச்சி புருஷனோடு ஒத்துப்போகாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். ஆடு மேய்ப்பதும், மேட்டு நிலத்தில் சாமை விதைப்பதும், அப்பாவுக்குக் களி கிண்டிப் போடுவதும் அவள்தான். நானும் என் பெண்டாட்டியும் கடைக்குப் பின்னாலேயே குடித்தனம்.

மேட்டு நிலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் புளியந்தோப்பு. ஒரு நாள் காலையில் களியைத் தின்று கையைக் கழுவிய அப்பா, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற தோரணையில் சொன்னார்:

"தோப்ப பாப்பா பேருல எழுதிடணும்."

பக்கத்தில் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, களி உருண்டையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். உருண்டை பாதி வழியில் நின்றது.

"யாரு பேருல?"

"பாப்பா பேருல."

எங்கள் மலையில் பெண்ணுக்கு ஆடு கொடுப்பார்கள். வெள்ளியில் கொடுப்பார்கள், வெண்கலத்தில் கொடுப்பார்கள். நிலமும் மரமும் ஆண்பிள்ளைக்குத்தான். பெண்ணுக்கு மரத்தை எழுதிவைத்தவன் என்று ஒருவனை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. சித்தப்பா உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"டேய், அண்ணனுக்குப் புத்தி கலங்கிப்போச்சுடா."

"எப்டி சொல்ற சித்தப்பா?"

"காதுல வுழல? பொண்ணுக்குத் தோப்பு எழுதறேங்கறாரு!"

"வேற இன்னா பண்ணாரு?"

"வேற இன்னாத்துக்குடா? இது ஒண்ணு போதாதா?"

அவருக்கு அதுவே சாட்சி, அதுவே தீர்ப்பு. எனக்கு அந்தத் தோப்பில் ஆசை இல்லை. புளியமரத்தில் பேய் இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. இருந்தால் என்னைத்தான் பிடிக்கும் என்பது என் நம்பிக்கை. ஆகவே பாப்பாவுக்கே போகட்டும் என்றுதான் இருந்தேன். சித்தப்பா விடவில்லை. மறுநாளே மலையிறங்கிப் பத்திர ஆபீசுக்குப் போய், என் அண்ணன் சுய அறிவில் இல்லை, அவர் எழுதுவதைப் பதியாதீர்கள் என்று மனு கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் பத்திரத்தோடு போனபோது பதிவாளர் கைவிரித்தார்.

"பெரியவர் நல்லாத்தான் தெரியறார். ஆனா மனு வந்திருக்கே. புத்தி சுவாதீனத்தில இருக்கார்னு கவர்மென்ட் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துடுங்க" என்று அப்பாவின் பேரையும் ஊரையும் ஒரு கடுதாசியில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் அந்தக் கம்பி போட்ட வேன் முதல்முறையாக என் மூளைக்குள் வந்து நின்றது.

ஒரு விஷயத்தை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் மறதி வந்திருந்தது. கைத்தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே தேடுவார். என்றைக்கோ செத்துப்போன ஆட்டின் பேரைச் சொல்லி இப்போதைய ஆட்டைக் கூப்பிடுவார். அதெல்லாம் பெரிதில்லை, அந்த ஆடும் வரத்தான் வந்தது. ஆனால் ஒரு விடியற்காலையில், அம்மா ஊற்றுக்குப் போய்த் திரும்பிவிட்டாளா என்று பாப்பாவிடம் கேட்டிருக்கிறார். பாப்பா என்னிடம் அதைச் சொன்னபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டாக்டர் முன்னால் அப்பா அப்படி எதையாவது கேட்டுவைத்தால்? தோப்பு போகும். அப்பாவுக்குப் பிறகு பங்காளிகள் என்னை மிரட்டிப் பிரித்துக்கொள்வார்கள்; பாப்பா ஏதோ ஒரு வீட்டு அடுப்படியில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அதைவிட, புத்தி கெட்டவர் என்று சர்க்கார் முத்திரையோடு ஒரு காகிதம் வந்துவிட்டால், அப்புறம் விதைப்புக்கு நாள் சொல்ல அப்பாவை எவன் கூப்பிடுவான்?

பாப்பாவே சொன்னாள்: "தோப்பு வராட்டி போவுது அண்ணா. அப்பாவ பைத்தியம்னு எழுதி வாங்கிகினு மட்டும் வந்துடாத."

அந்தப் பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள நான் வாணியம்பாடி பாயைப் பிடித்தேன். புளி எடுக்க மலைக்கு வருகிறவர். என் கடையில் டீ குடிக்காமல் இறங்கமாட்டார்.

"எங்க மாமுவ இப்டிதான் இட்டுனு போனாங்க" என்றார். "பெருசா ஒண்ணும் இல்ல. இன்னா கெழம, இன்னா மாசம், யாரு பிரதம மந்திரி. அப்புறம் நூத்துல ஏழு போனா எவ்ளோ, அதுல ஏழு போனா எவ்ளோ, அதுல ஏழு போனா எவ்ளோன்னு போயிகினே இருப்பாரு."

"மாமு சொன்னாரா?"

"மாமு, 'மொதல்ல நீ சொல்லு டாக்டரே'ன்னாரு. டாக்டர் நடுவுல தப்பு வுட்டாரு. மாமு பாஸு."

மற்றவர்கள் என்றால் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நான் அன்று சாயங்காலமே அப்பாவுக்கு டியூஷன் ஆரம்பித்தேன். அவர் ஆட்டுப்பட்டிக்கு முள் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னைக்கு இன்னா கெழம?"

"ஏன், உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கேக்கற?"

"சும்மா சொல்லுப்பா."

"தெரிஞ்சதையே கேக்கறவன்தான்டா புத்தி கலங்கினவன்."

சரி, கணக்குக்குப் போவோம் என்று போனேன்.

"நூத்துல ஏழு போனா எவ்ளோ?"

"நூறு இன்னா?"

"நூறுதான். சும்மா நூறு."

"சும்மா நூறு எப்டிடா கீது? ஆடா, மூட்டையா?"

"ஆடுன்னே வெச்சிக்கோ."

"ஏழு எப்டிப் போச்சு?"

"போச்சு. அவ்ளோதான்."

"சிறுத்த புடிச்சிதா, செந்நாய் புடிச்சிதா?"

நான் தெரியாத்தனமாக, "செந்நாய்" என்றேன்.

அப்பா முள்ளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "செந்நாய் வந்து ஏழு ஆட்ட இழுத்துனு போயிருக்குது. ஓடித் தேடாம இங்க குந்திகினு மீதி எவ்ளோன்னு கேக்கறான் பாரு! இவனுக்கு ஆடு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா?"

பட்டிக்குள் இருந்த பாப்பா சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன.

நான் மனம் தளரவில்லை. ஆபத்தான கேள்விக்கு அவரைத் தயார் செய்தாக வேண்டும். மறுநாள் அவர் சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டேன்: "அப்பா, 'சம்சாரம் இன்னா பண்றாங்க'ன்னு டாக்டர் கேப்பாரு. நீ ஒடனே, 'செத்துப்போய்ட்டாங்க'ன்னு சொல்லிடணும். யோசிக்கக் கூடாது."

அப்பா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"அத எதுக்கு அவங்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அப்புறம் நான் அவரைக் கேட்கவில்லை. அவருக்குப் பதிலாக நானே படிக்க ஆரம்பித்தேன். அவர் திக்கினால் நான் சட்டென்று எடுத்துக்கொடுக்கலாம் என்பது திட்டம். பேர், வயசு, ஊர், சம்சாரம், பிள்ளைகள் என்று அப்பாவின் முழுச் சரித்திரத்தையும் கேட்ட மாத்திரத்தில் ஒப்பிக்கும்படி உருப்போட்டேன். என் பங்குப் பரீட்சைக்காக ஏழாம் கழித்தலையும் சேர்த்துக்கொண்டேன். கடைக்கு வந்து பீடி கேட்டவனிடம் எண்பத்தாறு என்றேன். சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் வேன், மல்லாந்து படுத்தால் மொட்டை.

"அப்பா நல்லாத்தான் கீறாரு. உனக்குத்தான் கண்ணு உள்ள போய்க் கீது" என்றாள் பாப்பா.

பரீட்சை நாள் வந்தது. அப்பா சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, தலைப்பாகையை அழகாகக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஜீப்பின் முன்சீட்டில் ஏறினார். நான் ஒரு வாரத்துத் தாடியோடு, சட்டையின் மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன். எங்கள் மலை ஜீப்பில் ஏறினால் ஒருவர் மடியில் ஒருவர்தான். அன்று நான் கண்ணை மூடிக்கொண்டு, தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். இறங்குகிற இடம் வந்து கண்ணைத் திறந்து பார்த்தால், என்னைச் சுற்றி ஒரு கலியாணத்துக்குப் பாய் விரிக்கிற அளவு இடம் இருந்தது. மற்ற எல்லோரும் எதிர்ப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டவுன் ஆஸ்பத்திரி. பாப்பா சோற்று மூட்டையோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டாள். நானும் அப்பாவும் உள்ளே போனோம். போகிற வழியில் கட்டடத்தின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க முயன்றேன். கம்பவுண்டர், "கக்கூஸ் அந்தப் பக்கம் இல்ல" என்றார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எங்களுக்கு முன்னால் வந்துபோனவர்களைப் பற்றி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கையை நீட்டிப் பதிவாளர் கடுதாசியை வாங்கி, "உக்காருங்க" என்றார்.

இங்கேதான் விதி குந்தியது.

டாக்டருக்கு எதிரே நோயாளி உட்காரக் குட்டையாக ஒரு சுற்றுகிற ஸ்டூல். சற்றுத் தள்ளி, கூட வந்தவர் உட்காரக் கைவைத்த நாற்காலி. ஆஸ்பத்திரி கண்டவர்களுக்கு எது யாருக்கு என்பது தெரியும். எங்கள் மலையில் வேறு சட்டம். மகன் உட்கார்ந்திருக்கிற இடத்தைவிடத் தாழ்வான இடத்தில் தகப்பன் உட்காரமாட்டான், மகனும் உட்காரவிடமாட்டான். பாறையாக இருந்தாலும் சரி, பந்தலாக இருந்தாலும் சரி. அப்பா இரண்டையும் ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்து தடியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். அது மரியாதைப்படி ரொம்பச் சரி. மிச்சம் இருந்தது ஸ்டூல். உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் அது சுழன்றது. டாக்டர் தலையை நிமிர்த்தியபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஊன்றி ஒருவழியாகத் திரும்பி வந்தேன்.

"பேர்?"

அப்பாவின் பேரைச் சொன்னேன். கடுதாசியைப் பார்த்துத் தலையாட்டினார். முதல் கேள்வி சரி. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வயசு?"

"எழுபத்தஞ்சு இருக்கும் சார்."

பேனா நின்றது. டாக்டர் என் தலைமயிரைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார்.

"எழுபத்தஞ்சா?"

"கூட இருக்குமே தவிர கொறையாது சார்."

"சரி. சம்சாரம்?"

அப்பா வாயைத் திறந்துவிடப் போகிறாரே என்று பதறி, "செத்துப்போய்ட்டாங்க!" என்று கத்தினேன். எனக்கே காது அடைத்தது.

"பசங்க இருக்காங்களா?"

"ரெண்டு சார். நான் ஒண்ணு, தங்கச்சி ஒண்ணு."

டாக்டர் பேனாவுக்கு மூடியைப் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு பசங்க. அதுல ஒண்ணு நீங்க."

"ஆமா சார். மூத்தது."

"சரி" என்றார் மிகவும் மெதுவாக. கயிற்றை அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டியிடம் போகும்போது நாங்கள் அந்தக் குரலில்தான் பேசுவோம். முன்னால் சாய்ந்து என் கண்ணையே பார்த்தார். "நீங்க ராத்திரில தூங்கறீங்களா?"

நீங்க! நான் நினைத்தது நினைத்தபடியே நடக்கிறது! அப்பாவின் பரீட்சை முடிந்துவிட்டது, மகனின் பரீட்சை ஆரம்பித்துவிட்டது. இரத்தச் சோதனை. இத்தனை நாளும் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, இப்போது வந்து பார்க்கட்டும்!

"இல்ல சார்."

"ஏன்?"

"கணக்கு சார்."

"என்ன கணக்கு?"

"ஏழு ஏழாப் போயிகினே கீது சார்."

"எங்க போகுது?"

எங்கே போகிறது? யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. தெரிந்த ஒரே விடையைச் சொன்னேன்.

"செந்நாய் இழுத்துனு போவுது சார்."

டாக்டர் பொறுமையாக, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் கிழமை சொல்லிக்கொடுத்தவன் நான். தலைக்குள் துடைத்துவைத்த பலகை மாதிரி இருந்தது. ஒத்தாசைக்கு அப்பாவைப் பார்த்தேன். அவர் மேலே காற்றாடியைப் பார்த்தபடி, "இவரும் தெரிஞ்சதையே கேக்கறாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

டாக்டர் நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். குரலில் இப்போது தனி மரியாதை.

"பெரியவரே, எவ்வளவு நாளா இப்படி இருக்கார்?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். ஒரு படித்த மனிதர் இவ்வளவு அக்கறையாகத் தன் மகனைப் பற்றி விசாரிக்கிறார்; அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நாற்பது வருஷமாகக் காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார்.

"பொறந்ததுலேந்து இப்டித்தான் சாமி. பயம். மழ வந்தா வூடு போயிடும்பான். மழ வராட்டி ஊரே போயிடும்பான். ஒரு வாட்டி ரேடியோவுல, கடலோரத்துல பொயல்னு சொல்லிக்கீறான். இவன் மலமேல வூட்டுக் கூரையக் கயிறு போட்டுப் பலாமரத்துல இறுக்கிக் கட்டிட்டான்."

"புயல் வந்துச்சா?"

"மலைக்கு எப்டி சாமி வரும்? சும்மா காத்து அடிச்சிது. மரம் ஆடுச்சி. மரத்தோட கூரையும் போயிடுச்சி."

கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"யாரையாவது அடிக்கிறது, திட்டுறது?"

"இவனா? கோழி தொரத்துனா ஓடுவான்."

"சாப்பாடு?"

"அதுல கொற இல்ல. இப்போ ஒரு வாரமாத்தான் இல்ல."

"வேலை ஏதாவது?"

"கடை வெச்சினு கீறான். யாவாரம்னு சொல்ல முடியாது. வர்றவங்கள சிரிக்க வெச்சி அனுப்புவான். மனசு நல்ல மனசு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேசினால் மார்க் குறையுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

"உங்களுக்கும் வயசாயிடுச்சு. உங்களுக்கு அப்புறம் இவரை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"எம் பொண்ணு பாத்துக்குவா" என்றார் அப்பா உடனே. "அவ கெட்டி. இவன் கைல எதக் குடுத்தாலும், எவனாச்சும் கண்ண உருட்டுனா பயந்துகினு குடுத்துடுவான். அதான் தோப்ப அவ பேருல எழுதலாம்னு வந்தேன். அவ கைல இருந்தா அவளையும் எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது, இவனுக்கும் சோறு வந்துனு இருக்கும்."

அப்பா வீட்டில் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. பாப்பாவிடமும் சொன்னதில்லை. நான் அவருடைய புத்தியைக் காப்பாற்றப் போகிறேன் என்று ஒரு வாரமாகத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு எவ்வளவோ முந்தியே, என் பயத்துக்கும் சேர்த்து ஒரு வழி பண்ணிவைத்திருக்கிறார். எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டும்போல் இருந்தது. அப்போது ஸ்டூல் தானாகவே கால் வட்டம் திரும்பியது. நான் திருப்பவில்லை. சத்தியமாக.

"நல்ல ஏற்பாடு பெரியவரே" என்றார் டாக்டர். கடுதாசியை மறுபடி எடுத்தார். படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "தோப்பை எழுதிக் குடுக்கறது… நீங்களா?"

"நான்தான். எந் தோப்பாச்சே."

"அப்போ இவர்?"

"எம் மவன். எனக்குத் தொணைக்கு வந்தான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து, "சார், நான் பெயிலா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் மேஜையில் கவிழ்ந்துவிட்டார்.

தெளிந்ததும் எங்களை இடம் மாறி உட்காரச் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார். "அவன் மேல குந்துவான், நான் கீழ குந்தறதா?" ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. அப்பா நாற்காலியில், நான் தரையில். காலியான ஸ்டூலுக்கு மேலாக உண்மையான சோதனை நடந்தது.

"இன்னைக்கு என்ன கிழமை பெரியவரே?"

"சந்தைக்கு மறுநாளு."

"சரி. நாட்டுல இப்போ யார் ஆட்சி?"

"யாரு வந்தா இன்னா சாமி? எங்க ஊருக்கு பஸ்ஸு வர்ல."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "சம்சாரம்?"

தரையில் உட்கார்ந்திருந்த நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். எடுத்துக்கொடுக்க நாக்கு துடித்தது. இந்தத் தடவை கடித்துக்கொண்டேன்.

அப்பா தடியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போய்ட்டா" என்றார். "காலைல முழிச்ச ஒடனே சில நாளு அது மறந்துபோவும் சாமி. ஊத்துக்குப் போயிருக்கறான்னு தோணும். அப்புறம் ஞாபகம் வந்துடும்."

டாக்டர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். "அது பரவாயில்லைங்க" என்றார். பிறகு எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, அப்பாவின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு இன்னொரு சீட்டைக் கிழித்து அதிலும் எழுதினார். "இது அவருக்கு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு."

வேப்பமரத்தடியில் பாப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து அவளால் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"இன்னாச்சுப்பா?"

"நான் பாஸு" என்றார் அப்பா. "உங்கண்ணன் பெயிலு."

திரும்புகிற ஜீப்பில் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்கு முழுக்கதையையும் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை மறக்கவில்லை. மறதி மறதி என்று நாங்கள் பயந்தோமே, அந்த மறதி அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. டிரைவர் வழியில் ஏறியவர்களுக்குச் சொன்னார். நாங்கள் இறங்கியபோது என் பெண்டாட்டி கடை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். எங்களுக்கு முன்னாலேயே யாரோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

"நான் எப்போ செத்தேன்?" என்று கேட்டாள்.

விளக்கினேன். இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை சித்தப்பா வந்தார். அப்பாவிடம் போகவில்லை. கடைக்கு வந்து, என் எதிரில் நின்று, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"டாக்டரே சொல்லிட்டாராமே?"

"இன்னா சொன்னாரு? தூக்கத்துக்கு மாத்திர குடுத்தாரு, அவ்ளோதான்."

"செந்நாய் இழுத்துனு போவுதுன்னியாமே?"

நான் பீடிக் கட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். சித்தப்பா பெருமூச்சு விட்டார். "நான் அண்ணனுக்குத்தான் கலங்கிப்போச்சுன்னு நெனச்சேன். அவரு இந்த மவன வெச்சினு எவ்ளோ கஷ்டப்பட்டாரோ. டேய், உங் கைக்குத் தோப்பு வர்றதுக்குப் பொண்ணு கைக்குப் போறதே மேலுடா."

அந்த வாரமே சித்தப்பா எங்களோடு மலையிறங்கி வந்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பதிவாளர் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, விருப்பப்பட்டுத்தான் எழுதிக்கொடுக்கிறீர்களா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா ஆமாம் என்றார். தோப்பு தங்கச்சி பேரில் பதிவானது. சாட்சிக் கைநாட்டு சித்தப்பா வைத்தார்.

வழியில் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கே வேன் எதுவும் இல்லை. ஒரு கிணறும், காயப்போட்ட துணிகளும் இருந்தன.